கரிசலைக் கறுப்பாகவே எடுப்பது: ஐப்பசியில் ஃபிலிமோடு ஊருக்குப் போன பதிவு

எங்கள் பூர்வீக வீட்டைத் தை பிறந்ததும் இடிக்கப் போகிறார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் போகும் பக்கம், நாலாபுறமும் கரிசக்காடு சூழ்ந்த சின்ன ஊர். காரை பூசிய சுவர், பனங்கட்டை பாவிய கூரை, அதற்கு மேல் தட்டட்டி என்கிற மொட்டைமாடி. வடக்குச் சுவரில் விரிசல் விட்டு வருஷக்கணக்காகிறது. அடைமழை பிடித்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்தப் பக்கத்து அறையில் படுப்பதே இல்லை. அதனால் இடிப்பதில் எனக்கு மறுப்பு கிடையாது. இடிப்பதற்கு முன்னால் வீட்டையும் ஊரையும் ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும், அதுவும் ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது.

ஃபிலிம் என்று பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஒரு தகர டப்பா நிறைய பழைய நெகட்டிவ் இருக்கிறது. தாத்தா ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை, 120 ஃபிலிமில் ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். டப்பாவுக்குள் ‘இந்து’ ஃபிலிமின் காலி அட்டைப்பெட்டி ஒன்றும் கிடக்கிறது. 1960-இல் உதகையில் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு அது. அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது, தாத்தாவும் இல்லை. நெகட்டிவ்களில் மட்டும் இன்றைக்கும் பிரிண்ட் போட முடிகிறது. என் படங்களும் அதே டப்பாவில், அதே மாதிரி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும் என்று ஆசை.

ஐப்பசியைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். கோடையில் கரிசல் கறுப்பாக இருக்காது. வெடித்துக் காய்ந்து சாம்பல் பூத்துக் கிடக்கும். ஈரம் பட்டால்தான் அதன் நிறம் வெளியே வரும். எங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை பேருக்குத்தான். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் விழுகிறது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் ஐப்பசி நடுவில் முழங்கால் உயரம் நிற்கும், உளுந்தும் பாசியும் இலை விட்டிருக்கும், பாத்திக்குப் பாத்தி நடுவில் நனைந்த மண் கோடு கோடாகத் தெரியும். கார்த்திகை பிறந்துவிட்டால் பச்சை மூடிவிடும், மண் தெரியாது. பச்சையும் கறுப்பும் சேர்ந்து தெரிகிற அந்தக் கொஞ்ச நாள்தான் எனக்கு வேண்டும்.

முதல் வேலை கேமரா. என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. 1976 முதல் 1997 வரை தயாரித்தார்கள். எல்லாமே இயந்திர விசையில் ஓடுகிற கேமரா. உள்ளே போடுகிற ஒற்றை எல்ஆர்44 பேட்டரி வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான். மீட்டருக்கு ஆன்–ஆஃப் விசை கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் அணைப்பது. மூடி இல்லாமல் பைக்குள் வைத்தால் பேட்டரி தீர்ந்துபோகும்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு கலர் ரோல் ஓட்டிப் பார்த்தேன். சில படங்களின் இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத் தீற்றல். இதற்கு அர்த்தம் தெளிவு, கேமராவுக்குள் வெளிச்சம் கசிகிறது. லென்ஸ் வழியாக விழும் பிம்பம் இடவலம் மாறி, தலைகீழாக விழுகிறது. எனவே படத்தின் இடது ஓரம் என்பது, கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கும்போது வலது ஓரம். அங்கேதான் பின்கதவின் கீல் இருக்கிறது. தீற்றல் ஆரஞ்சாக இருப்பதும் ஒரு சாட்சி. கலர் ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு அடிப்பக்கம், பிளாஸ்டிக்கை ஒட்டி இருக்கிறது. பின்பக்கமாக நுழையும் ஒளி முதலில் அந்த அடுக்கைத்தான் சுடும். ஆக, லென்ஸ் பக்கமோ ஷட்டர் துணியோ காரணமில்லை. கீல் ஓரத்தில் ஒளி புகாமல் அடைக்கிற நுரைப்பஞ்சு போய்விட்டது.

பின்கதவைத் திறந்து விரலால் தொட்டதும் தெரிந்தது. பஞ்சு பஞ்சாகவே இல்லை, தார் மாதிரி பிசுபிசுத்து ஒட்டியது. இந்த வயதுக் கேமரா எல்லாவற்றிலும் இது நடக்கும். சரி செய்வதற்குப் பொறுமை போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பல்குத்தும் குச்சியைத் தோய்த்துப் பழைய பஞ்சைச் சுரண்டினேன். உலோகக் கத்தி வைத்துச் சுரண்டக் கூடாது, பெயின்ட் போனால் அங்கே ஒளி எதிரொளிக்கும். சுரண்டுகிற துகள் ஷட்டர் துணிமேல் விழாமல் இருக்க ஒரு தாளை வெட்டி மேலே வைத்துக்கொண்டேன். ஆல்கஹாலும் ஷட்டர் துணியில் படக்கூடாது. எல்லாம் சுத்தமானபின் கீல் ஓரத்துக்குப் பின்பக்கம் பசையுள்ள கறுப்பு வெல்வெட் துணியை மெல்லிய பட்டையாக வெட்டி ஒட்டினேன். கதவு பொருந்துகிற மேல், கீழ் ஓரங்களில் ஓடுகிற குறுகிய பள்ளங்களில் துணி நிற்காது. அங்கே கறுப்புக் கம்பளி நூலைத் துளித்துளியாகப் பசை வைத்துப் படுக்க வைத்தேன். நூல் தடிமனாக இருந்தால் கதவு மூடாது, மூடினாலும் தாழ்ப்பாள்மேல் பாரம் ஏறும். கதவு முன்பு மூடிய அதே சத்தத்தோடு மூட வேண்டும். எனக்கு அதுதான் அளவு.

படமெடுக்கும்போது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே போய் இடிக்கும் இடத்திலும் ஒரு பஞ்சுப் பட்டை உண்டு. அதையும் மாற்றினேன். அங்கே ஆல்கஹால் சொட்டக் கூடாது. மேலேயே ஃபோக்கசிங் திரை இருக்கிறது. அதில் பட்ட கறையைத் துடைக்கத் துடைக்க மோசமாகும். கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால் துகள் திரை மேல்தான் விழும், எனவே நேராக நிறுத்தியே செய்வது நல்லது. பிறகு இன்னொரு ரோல் போட்டு, மத்தியான வெயிலில் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு சுற்றினேன். தீற்றல் இல்லை.

ஃபிலிம் கணக்கு எளிது. கறுப்பு–வெள்ளைக்கு இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கலருக்குக் கோடாக் கோல்ட் 200. நண்பர் ஒருவரிடம் இன்னொரு பென்டாக்ஸ் பாடியை இரவல் வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் டெவலப் செய்கிற நேரம். 35 மில்லிமீட்டரில் ரோல் முழுவதற்கும் ஒரே நேரம்தான், படத்துக்குப் படம் மாற்ற முடியாது. மேகமூட்டத்தில் எடுத்ததற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்தால் கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) ஏறும். உச்சி வெயிலும், ஜன்னல் மட்டும் வெளிச்சமாக இருக்கிற வீட்டு உட்புறமும் அதற்கு நேர்மாறு, அவற்றுக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே ஒரு பாடியில் ‘மேகம்’ என்று டேப் ஒட்டினேன், இன்னொன்றில் ‘வெயில், வீடு’ என்று ஒட்டினேன். களத்தில் நின்று யோசிக்க வேண்டியதில்லை, வானத்தைப் பார்த்துக் கையை நீட்டினால் போதும்.

இனி மீட்டர். இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

கேமரா மீட்டருக்கு எதிரில் இருப்பது சுண்ணாம்புச் சுவரா கரிசல் மண்ணா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுச்சாம்பலாக்கும் அளவைத்தான் சொல்லும். செம்மண் பூமியில் இது பெரிய தொந்தரவு இல்லை. நனைந்த கரிசல் காட்டில் படச் சட்டத்தின் முக்கால் பாகம் மண் இருக்கும். மீட்டர் அதைப் பார்த்து இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தை அள்ளிக் கொட்டச் சொல்லும். விளைவு, மண் சிமென்ட் நிறத்துக்கு வந்துவிடும், மேகம் வெளுத்து ஓடிவிடும். செல்போனில் எங்கள் ஊரை எடுக்கிறவர்கள் எல்லோருடைய படத்திலும் மண் இப்படித்தான் வருகிறது. பார்க்கிறவர்களுக்கு அது எந்த ஊர் மண்ணோ என்று தோன்றும்.

இதற்கு வழி பழையதுதான். ஆன்சல் ஆடம்சும் பிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையில், விவரம் தெரிகிற கருமைக்கு மூன்றாம் மண்டலம் என்று பெயர். மீட்டர் சொல்கிற நடுச்சாம்பல் ஐந்தாம் மண்டலம். எனவே மண்ணை மட்டும் அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) குறைத்தால் மண் கறுப்பாகவும் இருக்கும், கட்டியும் பிளவும் காலடித் தடமும் தெரியும். பெரியப்பாவின் உளுந்துக் காட்டு வரப்பில் குனிந்து, சட்டம் முழுக்க மண் நிறையும்படி பிடித்து அளந்தேன்: லென்ஸ் துவாரம் எஃப் 8-க்கு ஷட்டர் 1/60 நொடி. வைத்தது 1/250. சரிபார்க்க உள்ளங்கையை வானத்துக்குக் காட்டி அதை அளந்தேன், 1/500 என்றது. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது, அதனால் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும்; அதுவும் 1/250-லேயே வந்து நின்றது. இரண்டு வழியும் ஒரே எண்ணில் சந்தித்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. அதற்கப்புறம் மேகம் மாறாதவரை மீட்டரைப் பார்க்கவே இல்லை.

கலர் நெகட்டிவுக்கு இதே கணக்கை அப்படியே வைக்கக் கூடாது. கோல்ட் 200-க்கு வெளிச்சம் கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை, குறைந்தால் நிழல்கள் சேறாகிவிடும். அதன் ஒளியுணர்வு எண்ணைக் கேமராவில் 100 என்று வைத்து, உள்ளங்கையைத்தான் அளந்தேன். மண்ணைக் கறுப்பாக்குகிற வேலையை ஸ்கேனில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த இடத்தில் ஒரு சிக்கல் வந்தது, பின்னால் சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து காரில் போனேன். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி, தொப்பூர், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று நேராகக் கோவில்பட்டி வரைக்கும் கொண்டுவிடும். ரயில் வசதிதான், ஆனால் முக்காலியும் இரண்டு கேமராவும் வைத்துக்கொண்டு, நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஃபிலிமை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் போட்டு, முன்சீட்டுக்கு அடியில் கால் வைக்கும் இடத்தில் வைத்தேன். டாஷ்போர்டில் வைத்தால் வெந்துவிடும், டிக்கியிலும் சூடு. ஐஸ் வைக்கவில்லை, பெட்டியைத் திறக்கிறபோது ஃபிலிம்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

வழியில் அதிகம் எடுக்கவில்லை. தொப்பூர்க் கணவாயில் மேகம் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அங்கே சில படம். விருதுநகர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மண் நிறம் மாறத் தொடங்கும். சாத்தூரில் வைப்பாற்றுப் பாலம் கடந்தபின் சாலையோரப் பள்ளங்களில்கூடக் கறுப்புத்தான். காராச்சேவு வாங்க நிறுத்திய இடத்திலேயே இறங்கி, சீமைக்கருவேலம் புதருக்கு முன்னால் தேங்கிய மழைத்தண்ணீரை எடுத்தேன். அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது.

ஊரில் சூரியன் ஆறேகால் மணி வாக்கில் எழும்புகிறது. ஐப்பசியில் அது தெற்கே சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த வாசலில் நாள் முழுக்க வெயிலே விழாது. எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. முதல் நாள் காலை முழுவதும் சுற்றிச் சுற்றி வந்து இதைத்தான் புரிந்துகொண்டேன். முகப்பை வெயிலில் எடுக்கக் காத்திருப்பதில் பயனில்லை. மேகம் மூடிய நேரத்தில் எடுத்தால்தான் திண்ணையும் தூணும் வாசல்படிக் கல்லும் ஒரே சீராகத் தெரியும். வானம் திறந்திருக்கும் காலை நேரத்தைத் தெருவுக்கும் கண்மாய்க்கும் வைத்தேன், மேகம் கூடும் பிற்பகலை வீட்டு முகப்புக்கும் காட்டுக்கும் வைத்தேன்.

காலையில் நீல வானத்தில் வெள்ளை மேகம் திட்டுத்திட்டாக நின்றபோது ஆரஞ்சு ஃபில்டர் போட்டேன். நீலத்தைக் கறுக்கச் செய்து மேகத்தைப் பிரித்துக் காட்டும். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் தின்னும், கே1000 லென்ஸ் வழியாகவே அளப்பதால் மீட்டர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். முழு மூட்டம் போட்ட பிறகு ஃபில்டரால் பலனில்லை, வானத்தில் நீலமே இல்லையே. பச்சையை வெளிறச் செய்து மண்ணிலிருந்து பிரிப்பதற்கு மட்டும் மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டரைக் காட்டில் பயன்படுத்தினேன். மக்காச்சோளத் தோகைக்கும் கறுப்பு மண்ணுக்கும் நடுவில் அது கொடுத்த இடைவெளி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முக்காலிக்கு எங்கள் மண் ஆகாது. நனைந்த கரிசல் பிடித்து இழுக்கும், ஊன்றிய கால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும், ஷட்டரை நேரம் எடுத்துத் திறந்துவைக்கிற நீண்ட எக்ஸ்போஷர் எல்லாம் கலங்கிவிடும். பெரியம்மா மூன்று தேங்காய்ச் சிரட்டை எடுத்து வந்து கொடுத்தார்கள். கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காலை வைத்தால் இறங்கவில்லை. செருப்போடு காட்டுக்குள் போனால் அடியில் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் கல்லாகக் கனக்கும். "செருப்பக் கழத்தி வரப்புல போட்டுட்டு வா ராசா" என்றார் பெரியப்பா. அது சரிதான். வெறுங்காலோடு நடந்தால் மண்ணின் ஈரம் எங்கே எவ்வளவு என்பதும் காலுக்குத் தெரிந்துவிடுகிறது, எங்கே நின்றால் மண் கறுப்பாகத் தெரியும் என்று தேட வேண்டியதில்லை.

தீப்பெட்டி ஆபிசுக்குப் போகிற வேன் காலையில் தெருமுனையில் நிற்கும். ஏறக் காத்திருக்கும் பெண்களிடம் கேட்டு ஒரு படம் எடுத்தேன். எடுத்ததும் ஒருவர் "காட்டுங்க அண்ணாச்சி, எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். ஃபிலிம் என்றேன். "ரோல் போட்டுக் கழுவுவாகளே, அதுவா? அது இன்னும் விக்காகளா?" என்று சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று பெயரும் தெருவும் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்பேடு கேமரா அளவுக்கு முக்கியம். ஒவ்வொரு படத்துக்கும் எண், இடம், அளவு, ஆள் பெயர் எல்லாம் அதில்தான். நெகட்டிவ் தானாக எதையும் சொல்லாது. தாத்தாவின் டப்பாவில் பாதி முகங்கள் யார் என்று இன்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

கயத்தாறு பக்கம் பார்த்தால் காற்றாலைகள். தவிர்த்து எடுக்க முடியும், ஆனால் தவிர்க்கவில்லை. இன்றைய ஊரின் தொடுவானம் அதுதான்.

வீட்டுக்கு உள்ளே வேலை வேறு மாதிரி. சுவர் தடிமன், ஜன்னல் சின்னது, நடுப்பகலிலும் உள்ளே அந்திதான். கே1000 மீட்டர் அந்த இருட்டில் முள்ளை அசைக்கவே இல்லை. அதன் எல்லைக்குக் கீழே போய்விட்டது. செல்போனில் ஒரு மீட்டர் செயலியைப் போட்டு அளந்தேன். ஃபிளாஷ் அடிக்க மனமில்லை. ஜன்னல் வெளிச்சம் மாடக்குழியில் விழுந்து, அங்கிருந்து தானியக் குலுக்கையின் வயிற்றில் பட்டு வழுக்குகிற விதம்தான் அந்த வீடு. ஃபிளாஷ் அதை ஒரு நொடியில் அழித்துவிடும்.

நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிம் சோர்ந்துபோகும், அளந்த நேரத்தைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எச்பி5 பிளசுக்கு இல்ஃபோர்ட் கொடுத்திருக்கும் கணக்கு, அளந்த நொடியை 1.31 அடுக்குக்கு உயர்த்துவது. பேப்பரில் எழுதி லென்ஸ் மூடிக்குள் ஒட்டிவைத்தேன்: 2 நொடிக்கு இரண்டரை, 4-க்கு 6, 8-க்கு 15, 15-க்கு 35. நடு அறையை எஃப் 11-இல் 4 நொடி என்று செயலி சொன்னது, 6 கொடுத்தேன். குலுக்கை நிற்கிற மூலை 15 என்றது, 35 கொடுத்தேன். கேபிள் ரிலீசைத் திருகி, அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கிற பி-யில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவது. பெரியம்மா பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார்கள். நான் இருபது என்று சொன்னால் அவர்கள் பதினெட்டில் இருப்பார்கள், அந்த இரண்டு நொடியில் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது.

குலுக்கை இப்போது காலி. ஒரு காலத்தில் கம்பும் சோளமும் கொட்டிவைத்த மண் குதிர். ஆள் உயரம் இருக்கும், அடியில் தானியம் எடுக்க ஒரு துவாரம், அதை அடைக்கத் துணிப்பந்து. வீட்டை இடிக்கும்போது இதைத் தூக்கிக்கொண்டு வர வழியில்லை, சுவரோடு சேர்த்துக் கட்டியது. கதவு, நிலை, உத்திரம் எல்லாம் விலைக்குப் போகும். திண்ணைக் கல்லைப் புது வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொல்கிறார். குலுக்கை மட்டும்தான் திரும்ப மண்ணாகிவிடும். எனவே அதற்குத்தான் அதிக ஃபிலிம் செலவழித்தேன்: முன்னாலிருந்து, துவாரம் மட்டும், பெரியம்மா அதன் பக்கத்தில் கை வைத்து நிற்பது, மேலே ஏறிப் பார்த்தால் தெரிகிற வாய். பெரியம்மாவை 35 நொடி அசையாமல் நிற்கச் சொல்ல முடியாது. கதவைத் திறந்து, வெள்ளை வேட்டி ஒன்றை எதிர்ப்பக்கம் கொடியில் விரித்துப் போட்டேன். அது திருப்பிவிட்ட வெளிச்சத்தில் எஃப் 2-க்கு 1/15 கிடைத்தது. சுவரில் சாய்ந்து நின்று எடுத்தேன். அவர்கள் கை கொஞ்சம் அசைந்திருக்கிறது, முகம் கூர்மையாக இருக்கிறது.

மூன்று மணிக்கு மேல் இடி தொடங்கும். மழை வருவதற்கு முந்தின கால் மணி நேரம், மேகம் கிழக்கே கறுத்து மேற்கிலிருந்து தாழ்ந்த வெளிச்சம் பனைவரிசையில் விழும்போது, ஊரில் அதைவிட நல்ல வெளிச்சம் வேறு எப்போதும் கிடையாது. அதற்குக் கலர்தான். கண்மாய்க் கரைமேல் நின்று கோல்ட் ரோலில் பெரும்பகுதியை அங்கேயே முடித்தேன். கேமராமேல் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தேன், தூறலுக்கு அது போதும்.

எடுத்த ரோல்களைத் தள்ளிப்போடக் கூடாது. வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் ஃபிலிமில் பதிந்தது மங்கத் தொடங்கும். பெங்களூர் திரும்பியதும் கறுப்பு–வெள்ளையை நானே கழுவினேன். ஐடி-11 டெவலப்பர் தூளை ஒரு லிட்டருக்குக் கரைத்து, அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிடுவது என் வழக்கம். 20 டிகிரியில் எச்பி5 பிளசுக்கு இந்தக் கலவையில் 13 நிமிடம். மேக ரோலுக்கு 15 கொடுத்தேன், வெயில்–வீடு ரோலுக்கு 11. குழாய்த் தண்ணீர் 20-ஐவிடச் சூடாகத்தான் வந்தது. ஒரு பெரிய சட்டியில் ஐஸ்கட்டியைப் பாலிதீன் பையில் கட்டிப் போட்டு, அதற்குள் டெவலப்பர், ஃபிக்சர், டேங்க் எல்லாவற்றையும் உட்காரவைத்தால் 20-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை பத்து நொடி கவிழ்த்து நிமிர்த்துவது. அதை ஒரே சீராகச் செய்வதுதான் முக்கியம், வேகமாகக் குலுக்கினால் கான்ட்ராஸ்ட் எகிறும்.

எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டரில் ஈரமூட்டும் திரவம் ஒரு துளி விட்டுக்கொண்டேன். இல்லாவிட்டால் காயும்போது சுண்ணாம்புப் பொட்டு விழும், அதுவும் வானத்தில்தான் போய் விழும். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி பறக்கவிட்டுத் தூசி படிந்தபின் ஃபிலிமைத் தொங்கவிட்டேன்.

நெகட்டிவைப் பல்புக்கு எதிரே பிடித்துப் பார்த்ததும் மனம் நிறைந்தது. நெகட்டிவில் மண் ஏறக்குறையத் தெளிந்த ஃபிலிமாக இருக்க வேண்டும், ஆனால் வெறுமையாக இருக்கக் கூடாது. உழவுசால், கட்டி, ஆட்டுக்குளம்புத் தடம் எல்லாம் மெல்லிய சாம்பலாக உட்கார்ந்திருந்தன.

கலர் ரோலை லேபுக்குக் கொடுத்தேன். 38 டிகிரியில் நிமிடக் கணக்கில் பிசகாமல் நடக்க வேண்டிய சி-41 வேலையை ஒரு ரோலுக்காக வீட்டில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. கழுவியது குறையே இல்லை. ஸ்கேன் வந்தபோதுதான் மேலே சொன்ன சிக்கல். கண்மாய்க் கரைப் படங்களில் கரிசல் எல்லாம் நீலம் பாய்ந்த சாம்பலாக இருந்தது. மழைமேகம் வெளுத்திருந்தது. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் செய்திருக்கிறது. கேமரா மீட்டர் செய்யவிருந்த அதே வேலையை இது வேறு இடத்தில் செய்துவிட்டது. படம் இருட்டாக இருக்கிறதே என்று தூக்கிவிட்டிருக்கிறது, மஞ்சள் அதிகமாக இருக்கிறதே என்று எதிர் நிறத்தைச் சேர்த்திருக்கிறது.

நெகட்டிவ் நன்றாக இருக்கும்போது இதற்குக் கலங்க வேண்டியதில்லை. சமமாக எரியும் எல்இடி பலகைமேல் வைத்து, மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கேமராவில் நானே படியெடுத்தேன். ரோல் ஓரத்தில் படம் எதுவும் விழாத ஃபிலிம் பட்டை இருக்கும், அதன் வெளிச்சத்தை அளந்து எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்சையும் (நிறச் சமநிலை) கையால் பூட்டிவிட்டு, முதல் படத்திலிருந்து கடைசிவரை மாற்றவே இல்லை. அந்தப் பட்டைதான் முழுக் கறுப்பு என்று கணினியில் சொல்லிவிட்டால் மற்ற எல்லாம் அதை வைத்துத் தன் இடத்துக்கு வரும். மண் கறுப்பாக வந்தது. வெறும் கறுப்பும் இல்லை, ஈரம் பட்ட இடத்தில் பழுப்பு ஓடுகிற எங்கள் ஊர்க் கறுப்பு. திறந்த வானம் கொஞ்சம் எதிரொளித்த இடத்தில் நீலமும் இருக்கிறது, அது உண்மையிலேயே அங்கே இருந்த நீலம்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது "கரெக்ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்கள்" என்று ஒவ்வொரு கவரிலும் எழுதிக் கொடுத்தேன். சோதனைப் பிரிண்ட் ஒன்று முதலில் எடுத்துப் பார்த்தபின் மீதியைப் போடச் சொன்னேன். மேட் தாளில் கருமை கொஞ்சம் குறைந்தது. பளபளப்புத் தாளில் ஆழமாக இருந்தது, கண்ணாடிச் சட்டத்துக்குள் போகப்போகிறது என்பதால் பளபளப்பையே எடுத்துக்கொண்டேன். வேன் பெண்களின் பிரிண்டுகள் குறிப்பேட்டில் உள்ள பெயர் எழுதித் தபாலில் போய்விட்டன.

வேலை இன்னும் முடியவில்லை. தட்டட்டியின் அடிப்பக்கம், பனங்கட்டை வரிசையும் அதன்மேல் பாவிய கல்லும், எச்பி5-இல் ஃபிலிமின் துகள் தெரிந்து மணல்மணலாக வந்திருக்கிறது. துகள் நுண்மையான எஃப்பி4 பிளஸ் 125 போட்டு, நேரத்தைக் கூட்டி மறுபடி எடுக்க வேண்டும். வடக்குச் சுவர் விரிசலை அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்லி இருக்கிறார் பெரியப்பா, புது வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிற கொத்தனாருக்குக் காட்டுவதற்கு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; அதனால் வந்த விரிசல் அது, புது வீட்டுக்கும் அதே மண்தான். மார்கழியில் உளுந்து பிடுங்கிக் களத்துக்கு வந்துவிடும், அப்போது போகிறேன். அந்த நேரம் மண் மேலாகக் காய ஆரம்பித்திருக்கும், இரண்டு ஸ்டாப் குறைப்பது அதிகமாகிவிடும். ஒன்றரை என்று வைத்து, உள்ளங்கையோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.